த்ராட்டில் பொசிஷன் சென்சார்: சோதிப்பது, சுத்தம் செய்வது, திரும்பப் பொருத்துவது

ஆக்சிலேட்டரை லேசாக மிதித்ததும் வண்டி ஒரு கணம் தயங்கி, பிறகு குதித்துப் பாய்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் தானாக ஏறி இறங்குகிறது, சில நேரம் எஞ்சின் அப்படியே ஆஃப் ஆகிவிடுகிறது. இப்படி ஒரு வண்டி பட்டறைக்கு வந்தால் முதல் சந்தேகம் த்ராட்டில் பொசிஷன் சென்சார் மேல் விழும். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அளந்து சொல்லும் சென்சார் இது. மெக்கானிக்குகள் சுருக்கமாக டி.பி.எஸ். என்பார்கள். சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் சோதிக்காமலே கழற்றி எறியப்படும் சென்சார்களில் நல்ல சென்சார்கள் ஏராளம். ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் இருந்தால், குற்றம் சென்சாரிலா, வயரிலா, கேபிளிலா, அழுக்கிலா என்று வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வழிகாட்டி முக்கியமாக ஆக்சிலேட்டர் கேபிள் உள்ள பெட்ரோல் கார்களுக்கானது. பழைய ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ போன்றவை இந்த வகை. கேபிள் இல்லாமல் மோட்டாரால் இயங்கும் எலக்ட்ரானிக் த்ராட்டில் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். அந்த வண்டிக்காரர்கள் எதையும் தொடுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் இருப்பது த்ராட்டில் பாடி. அதற்குள் காற்றைத் திறந்து மூடும் வட்டத் தகடு ஒன்று உண்டு. அந்தத் தகட்டுக்கு பட்டர்ஃப்ளை என்று பெயர். அதன் தண்டு ஒரு முனையில் ஆக்சிலேட்டர் கேபிளோடும், மறுமுனையில் டி.பி.எஸ்.ஸோடும் இணைந்திருக்கும். சென்சாருக்குள் அரைவட்டமாகப் பூசிய கார்பன் பாதை ஒன்றும், அதன்மேல் உரசிக்கொண்டே நகரும் சின்ன உலோக விரல் ஒன்றும் இருக்கும். ரேடியோவின் சத்தக் குமிழுக்குள் இருப்பதும் இதே அமைப்புதான்.

மூன்று வயர்கள். ஒன்றில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம். 5 வோல்ட் அனுப்புகிறது. ஒன்று எர்த். மூன்றாவது சிக்னல். த்ராட்டில் மூடியிருக்கும்போது சிக்னலில் சுமார் அரை வோல்ட், முழுதாகத் திறந்தால் 4 வோல்ட்டுக்கு மேல். இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் ஈ.சி.எம். பல முடிவுகளை எடுக்கிறது. ஐடிலிங்கில் இருக்கிறோமா, திடீரென மிதித்ததற்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டுமா, இறக்கத்தில் காலை எடுத்ததும் பெட்ரோலை நிறுத்தலாமா, ஆட்டோமேட்டிக் வண்டியில் எப்போது கியர் மாற்றுவது என எல்லாமே இதைப் பொறுத்தது. பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது த்ராட்டில் முழுதாகத் திறந்திருப்பதாக சிக்னல் காட்டினால், எஞ்சினில் பெட்ரோல் தேங்கியிருக்கிறது, அதை உலர்த்தத்தான் ஓட்டுநர் மிதிக்கிறார் என்று பல ஈ.சி.எம்.கள் எடுத்துக்கொண்டு இன்ஜெக்டரை நிறுத்திவிடும். டி.பி.எஸ். கெட்டு வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போவதும் அதனால் நடக்கும்.

தேய்மானம் எங்கே வரும் என்பது இதிலிருந்தே புரியும். ஊருக்குள் ஓட்டும் வண்டியின் பெடல் பெரும்பாலும் மூடிய நிலைக்கும் கால்வாசிக்கும் இடையில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. உலோக விரல் அந்தச் சின்னத் துண்டிலேயே லட்சக்கணக்கான முறை உரசி, கார்பனைத் தேய்த்து, சிக்னல் அறுந்துபோகும் பள்ளங்களை உண்டாக்குகிறது. ஆகவே இரண்டு முனைகளிலும் வோல்டேஜ் சரியாக இருப்பதை மட்டும் பார்த்து சென்சார் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. நடுவில், அதுவும் முதல் கால்வாசியில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

டி.பி.எஸ். தானா

கோளாறு பெடலின் இடத்தைப் பொறுத்து வருகிறதா என்று கவனியுங்கள். எந்த கியரில், எந்த வேகத்தில் போனாலும் பெடல் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஜெர்க் அடித்தால் டி.பி.எஸ். மேல் சந்தேகம் வலுக்கும். பெடல் எங்கிருந்தாலும், எஞ்சினுக்கு பாரம் கூடும்போதெல்லாம் திணறினால் பெட்ரோல் பிரஷர், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கம் பாருங்கள். ஐடிலிங் மட்டும் கெட்டு மற்ற எல்லா நேரமும் வண்டி நன்றாக ஓடினால், த்ராட்டில் பாடியின் கரி, ஐடில் வால்வு, எங்கோ கிழிந்த வேக்கம் ஹோஸ் ஆகிய மூன்றையும் முதலில் பார்ப்பதே முறை.

ஸ்கேனர் கிடைத்தால், ஈ.சி.எம். பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீட்டைப் பாருங்கள். கோடு (code) என்பது இதைத்தான். பி0122 என்றால் சிக்னல் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. பி0123 என்றால் கூடுதல். பி0121 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் மற்ற சென்சார்கள் சொல்வதோடு பொருந்தவில்லை. பி0124 விட்டுவிட்டு வரும் கோளாறு. இதில் எதுவுமே சென்சாரை மாற்று என்று சொல்லவில்லை. அறுந்த வயரும் பி0122 தரும், விட்டுப்போன எர்த்தும் பி0123 தரும்.

கருவியைத் தொடும் முன்

பெடலுக்கு அடியில் கால்மிதி மாட்டியிருக்கிறதா பாருங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பெடல் முழுதாக இறங்காமல் பிக்கப் குறைவதற்கு இதுவே காரணமாக இருந்த வண்டிகள் உண்டு. பிறகு பானட்டைத் திறந்து ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் பட்டர்ஃப்ளை முழுதாக மூடவில்லை என்று பொருள். நல்ல சென்சார்கூட அப்போது கூடுதல் வோல்டேஜ்தான் காட்டும், ஐடிலிங்கும் ஏறி நிற்கும்.

அடுத்து கப்ளரும் (சென்சாரில் வயர்களை மாட்டும் இணைப்பி) வயரும். எலி கடித்த தடம், பேட்டரி பக்கத்தில் உருகிய இன்சுலேஷன், பச்சை பூத்த பின்கள். எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி. கிட் பின்னாளில் பொருத்திய வண்டியாக இருந்தால் இங்கே இன்னும் நிதானமாகப் பாருங்கள். பல கிட்டுகளுக்கு டி.பி.எஸ். சிக்னல் தேவை. பொருத்துபவர் சிக்னல் வயரை நடுவில் உரித்து, இன்னொரு வயரை முறுக்கி, டேப் சுற்றிவிட்டிருப்பார். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் அந்த டேப்புக்குள் செம்பு பச்சையாகிவிடும். சென்சாரை மாற்றியும் கோளாறு தீராத கேஸ் வண்டியில் இந்த முறுக்கைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈயம் வைத்து ஒட்டி, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டால் சரியாகிவிடும்.

எடுத்து வைக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், முடிந்தால் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் பதிவு செய்யும் வசதியோடு. முள் ஆடும் பழைய அனலாக் மீட்டர் வீட்டில் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள், இந்த வேலையில் அது தங்கம். இரண்டு மெல்லிய குண்டூசிகள். த்ராட்டில் பாடி கிளீனர் ஒன்று, எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஒன்று. இரண்டும் வேறு வேறு பொருள், ஒன்றுக்கு பதில் மற்றொன்று ஆகாது. பழைய பல் துலக்கும் பிரஷ், நூல் உதிராத துணி, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பேட்டரிக்கு 10 மி.மீ. ஸ்பானர், மார்க்கர் பேனா, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கிளீனர் எளிதில் தீப்பற்றும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், வேலை செய்யும் இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும்.

வோல்டேஜ் சோதனை

முதலில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்கிறோம். சாவியை ஆஃப் செய்து கப்ளரைக் கழற்றுங்கள். பிறகு இக்னிஷன் ஆன், எஞ்சின் ஓடக் கூடாது. மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்புக் கம்பியைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பைக் கப்ளரின் ஒவ்வொரு பின்னிலும் வையுங்கள். ஒன்றில் 4.8 முதல் 5.2 வரை வர வேண்டும். சில வண்டிகளில் கழற்றிய நிலையில் சிக்னல் பின்னிலும் 5 வோல்ட் அளவு தெரியும். குழம்ப வேண்டாம், கப்ளரை மாட்டிய பிறகு பெடலோடு சேர்ந்து மாறுவதுதான் சிக்னல்.

5 வோல்ட் எதிலுமே வரவில்லையா? உடனே ஈ.சி.எம். போய்விட்டது என்று முடிவுக்கு வராதீர்கள். பல வண்டிகளில் இந்த 5 வோல்ட் லைனை மேப் சென்சார் (எஞ்சினின் காற்றுக் குழாயில் உள்ள அழுத்தத்தை அளப்பது), ஏ.சி. பிரஷர் சென்சார் போன்றவையும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லோருக்கும் வோல்டேஜ் விழுந்துவிடும். இக்னிஷன் ஆனில் வைத்து, மற்ற சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. கழற்றியதால் புதிய கோடுகள் விழும், வேலை முடிந்ததும் அழித்துக்கொள்ளலாம்.

அடுத்து எர்த். சாவியை ஆஃப் செய்து கப்ளரைத் திரும்ப மாட்டுங்கள். கப்ளரின் பின்பக்கம், வயர் நுழையும் ரப்பர் ஓரமாகக் குண்டூசியை மெதுவாகச் செருகி உலோகத்தைத் தொட வையுங்கள். வயரின் தோலைக் குத்தித் துளைக்கவே கூடாது. அந்த ஊசித் துளை வழியாக ஈரம் இறங்கி, ஆறு மாதத்தில் வயர் உள்ளேயே அரித்துப்போகும். இக்னிஷன் ஆன் செய்து எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.05 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.1 தாண்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. அந்த அளவு சிக்னலோடும் கூடிப்போகும், மூடிய த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்ததாகக் காட்டும்.

இப்போது சிக்னல். த்ராட்டில் முழுதாக மூடிய நிலையில் பெரும்பாலான கார்களில் 0.4 முதல் 0.9 வரை. முழுதாகத் திறந்தால் 4.0 முதல் 4.8 வரை. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே இறுதியானது. முழுத் திறப்பை இரண்டு விதமாக அளந்துகொள்ளுங்கள். ஒரு முறை ஒருவரை உட்காரவைத்துப் பெடலைத் தரைவரை மிதிக்கச் சொல்லி, ஒரு முறை த்ராட்டிலைக் கையால் கடைசிவரை திருப்பி. கையால் திருப்பினால் 4.5, பெடலில் 3.6 தான் என்றால் சென்சாரில் ஒரு குறையும் இல்லை. கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது அந்தக் கால்மிதி.

ஓட்டம் பார்ப்பது

இந்தச் சோதனைக்குத்தான் பொறுமை வேண்டும். த்ராட்டிலை மூடிய நிலையிலிருந்து முழுத் திறப்புவரை மிக மெதுவாக, பத்துப் பதினைந்து நொடி எடுத்துக்கொண்டு திருப்புங்கள். முதல் கால்வாசியை இன்னும் மெதுவாக. அதே மாதிரி திரும்ப மூடுங்கள். வோல்டேஜ் தயிரில் கரண்டி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். எங்காவது திடீரென விழுந்து எழுந்தால், ஓரிடத்தில் அசையாமல் நின்று பிறகு தாவினால், கார்பன் பாதை அங்கே போய்விட்டது.

சாதாரண டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் சிக்னல் அறுந்தால் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது, ஈ.சி.எம்.முக்கு நன்றாகத் தெரியும். முள் மீட்டரை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். முள் ஒரு துள்ளல் துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டல் மட்டுமே இருந்தால் குறைந்தபட்சம் பதியும் வசதியைப் போட்டுவிட்டு, பாதித் திறப்பிலிருந்து தொடங்கி முழுத் திறப்புக்கும் பாதிக்கும் இடையே ஆட்டுங்கள். 2 வோல்ட்டுக்கு மேலேயே இருக்க வேண்டிய சிக்னலின் குறைந்தபட்சமாக 0.1 பதிந்திருந்தால் அறுந்திருக்கிறது. பிறகு கீழ்ப் பாதியிலும் இதேபோல, முழுதாக மூடவிடாமல் பாருங்கள்.

ஓட்டம் பார்க்கும்போதே ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சென்சாரை லேசாகத் தட்டுங்கள், வயரை அசையுங்கள். எஞ்சின் சூடானபின் மட்டும் வரும் கோளாறு என்றால், தலைமுடி உலர்த்தியால் சென்சாரைச் சூடாக்கி மறுபடி பாருங்கள். குளிர்ந்த சென்சார் சோதனையில் தேறிவிட்டு, நெடுஞ்சாலையில் கவிழ்க்கும்.

ஸ்கேனரில் பார்ப்பவர்களுக்கு ஒன்று. பல வண்டிகளில் த்ராட்டில் சதவீதம் என்பது 5 வோல்ட்டில் எவ்வளவு பங்கு சிக்னலில் வருகிறது என்பதுதான். மூடியிருக்கும்போது 10 சதவீதம், முழுதாக மிதித்தால் 90 சதவீதம் என்று காட்டுவது இயல்பு. நூறு வரவில்லை என்று சென்சாரை மாற்றாதீர்கள்.

ஓம் சோதனை இதற்குத் துணை மட்டுமே. சாவி ஆஃப், கப்ளர் கழற்றிய நிலையில், சென்சாரின் 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே மாறாத ஓர் அளவு வரும், பொதுவாகச் சில கிலோ ஓம். த்ராட்டிலை அசைத்தாலும் அது மாறக் கூடாது. சிக்னல் பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே சீராக ஏறி இறங்க வேண்டும். காந்தத்தால் இயங்கும் ஹால் வகை சென்சாருக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதற்கு வோல்டேஜ் மட்டுமே வழி.

சுத்தம் செய்வது: எதை, எதை அல்ல

சென்சாருக்குள் கிளீனர் அடிக்காதீர்கள். ஓரத்தில் துளை போட்டு ஸ்பிரே அடித்தால் சரியாகிவிடும் என்ற பேச்சு உலவுகிறது. தேய்ந்து உதிர்ந்த கார்பன் தூள் இடம் மாறுவதால் சில நாள் சரியானதுபோலத் தெரியலாம், தேய்ந்த பாதை திரும்ப வளராது. போதாததற்குக் கடுமையான கரைப்பான் உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவிவிடும், பிளாஸ்டிக்கை வெளுக்க வைக்கும். ஓட்டம் தவறிய சென்சாருக்கு மருந்து புதிய சென்சார்தான்.

சுத்தம் செய்ய வேண்டியது கப்ளரையும் த்ராட்டில் பாடியையும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கப்ளரின் இரண்டு பக்கத்திலும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, பத்து நிமிடம் உலரவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பின்னின் மேல்பூச்சு போய்விடும், அடுத்த மழையிலேயே மீண்டும் பச்சை பூக்கும். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். வாட்டர் வாஷில் எஞ்சின்மேல் பிரஷர் தண்ணீர் அடித்த மறுநாள் தொடங்கும் கோளாறுகளில் பலவற்றுக்கும் இந்த வளையத்தின் வழியாக நுழைந்த தண்ணீர்தான் காரணம். பெண் பின்கள் (எதிர்ப்பக்கப் பின் நுழையும் குழிகள்) அகன்றுபோய்ப் பிடிமானம் இல்லாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சுத்தமாக இருந்தும் தொடாத பின் அறுந்த வயருக்குச் சமம்.

த்ராட்டில் பாடியில் கரி சேர்வது எஞ்சினுக்குள்ளிருந்து வரும் எண்ணெய் ஆவியால். பட்டர்ஃப்ளையின் பின்பக்கமும், அது மூடும்போது தொடும் விளிம்பும்தான் அதிகம் அடைக்கும் இடங்கள். காற்று ஹோஸைக் கழற்றி, த்ராட்டிலைக் கையால் திறந்து பிடித்துக்கொண்டு, கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தெடுங்கள். பாடிக்குள் நேராக அடித்தால் கரைப்பான் தண்டு வழியாக ஊர்ந்து சென்சாருக்குள் போய்விடும். பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்வதானால் சென்சார் இருக்கும் பக்கத்தை மேலே வைத்துப் பிடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம். சில பாடிகளில் விளிம்பைச் சுற்றிக் கம்பெனியே பூசிய கருஞ்சாம்பல் நிறப் பூச்சு உண்டு, காற்று கசியாமல் இருக்க. அதைக் கரி என்று நினைத்துச் சுரண்டினால் ஐடிலிங் நிரந்தரமாக ஏறிவிடும். துணியில் வருவதை மட்டும் எடுங்கள்.

கழற்றி மாற்றும்போது

சென்சார் இருந்த இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்க்ரூதான், ஆனால் அலுமினியத்தில் இறங்கியவை, இறுகியிருக்கும். சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்பாவிட்டால் தலை வழித்துவிடும். கழற்றிய சென்சாருக்குள் எண்ணெய் ஈரம் தெரிந்தால் தண்டின் சீல் போயிருக்கிறது. புதிய சென்சாருக்கும் அதே கதி நேரும்.

புதியதைப் பொருத்தும்போது தண்டின் முனை சென்சாரின் பள்ளத்தில் சரியான பக்கத்தில் உட்கார வேண்டும். பெரும்பாலானவற்றைக் கொஞ்சம் சாய்த்து நுழைத்து, ஸ்பிரிங்கின் எதிர்ப்பை உணர்ந்தபடி திருப்பித்தான் ஸ்க்ரூ துளைகளோடு நேர்ப்படுத்த முடியும். எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று உட்கார்ந்தால் தவறாக மாட்டியிருக்கிறீர்கள். ஸ்க்ரூவைக் கையிறுக்கமாக முடுக்கினால் போதும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் த்ராட்டிலை முழுதாகத் திறந்து விடுங்கள், டக்கென்று மூட வேண்டும். மூடாமல் சிக்கினால் வண்டியை எடுக்கவே கூடாது. சாலையில் த்ராட்டில் திறந்தபடி மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

ஸ்க்ரூ துளை நீள்வட்டமாக இருந்தால் அட்ஜஸ்ட் செய்யும் வகை. ஸ்க்ரூக்களைப் பாதி தளர்த்தி, இக்னிஷன் ஆனில் மீட்டரைப் பார்த்தபடியே சென்சாரை மேனுவல் சொல்லும் வோல்டேஜுக்குத் திருப்பி முடுக்குங்கள். முடுக்கும்போதே கொஞ்சம் நகரும், ஆகவே முடுக்கியபின் மறுபடி அளந்து உறுதி செய்யுங்கள். துளை வட்டமாக இருந்தால் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, அரம் போட்டு நீட்டாதீர்கள். பெயின்ட் வைத்துப் பூட்டிய த்ராட்டில் நிறுத்த ஸ்க்ரூவையும் தொட வேண்டாம். ஐடிலிங்கை ஏற்ற யாரோ அதைத் திருப்பிவிட்ட வண்டியில் எந்த அளவும் மேனுவலோடு ஒத்துப்போகாது.

பேட்டரியை மாட்டி, கோளாறு கோடுகளை ஸ்கேனரில் அழித்து, ஏ.சி. ஆஃப் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை ஐடிலிங்கில் விடுங்கள். பிறகு ஏ.சி. போட்டுச் சில நிமிடம். கரி நீங்கியதால் கூடுதல் காற்று வருகிறது, ஈ.சி.எம். அதற்குப் பழகும்வரை ஐடிலிங் சற்று உயர்ந்திருக்கலாம்.

எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகள்

இங்கே டி.பி.எஸ். பெரும்பாலும் பாடியோடு சேர்ந்தே வரும், தனியாகக் கழற்ற முடியாது. பாதுகாப்புக்காக இரண்டு சிக்னல்கள் இருக்கும். சில வண்டிகளில் ஒன்று ஏற மற்றது இறங்கும், சிலவற்றில் இரண்டும் வேறு வேறு அளவில் ஏறும். பல டொயோட்டா கார்களில் மூடிய நிலையில் முதல் சிக்னல் 0.5 முதல் 1.1 வரையும், இரண்டாவது 2.1 முதல் 3.1 வரையும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பி2135 விழும், எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் முதலில் கப்ளரைத்தான் பாருங்கள். பெடலிலும் தனி சென்சார் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இக்னிஷன் ஆனில் இருக்கும்போது பட்டர்ஃப்ளைக்குள் விரலை விடாதீர்கள், மோட்டார் விரலை நசுக்கும் வலுவுள்ளது. சாவி ஆஃபில்கூட பல்சக்கரத்துக்கு எதிராக வேகமாகத் தள்ளக் கூடாது. துடைத்தபின் பல வண்டிகளில் மூடிய நிலையை ஸ்கேனர் மூலம் ஈ.சி.எம்.முக்குத் திரும்பக் கற்பிக்க வேண்டியிருக்கும். அந்த வசதி கைவசம் இல்லாமல் சுத்தம் செய்யத் தொடங்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் மூடிய நிலை வோல்டேஜ், முழுத் திறப்பு வோல்டேஜ், தேதி, கிலோமீட்டர் நான்கையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வண்டி தயங்கினால், மேனுவலின் எண்ணோடு ஒப்பிடுவதற்கு முன் உங்கள் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 0.52 ஆக இருந்தது 0.71 ஆகியிருந்தால் மேனுவல் அதைச் சரி என்றே சொல்லும், ஆனால் கேபிளோ கரியோ எர்த்தோ ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.